வொர்க் ஏரியா பிறந்த கதை

கேரளத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் இரண்டு சமையலறை கட்டுகிறார்கள். ஒன்று வந்தவர் போனவர் கண்ணில் படுவதற்கு: கிரானைட் மேடை, கண்ணாடி வைத்த கேஸ் அடுப்பு, சுவரெல்லாம் அலமாரி. அதன் பின்கதவைத் திறந்தால் இன்னொன்று. வெள்ளை ஓடு பதித்த திண்டு, அதில் பானை உட்காரும் இரண்டு குழி, சுவரோடு ஏறிக் கூரையைத் தாண்டும் புகைக்குழாய், திண்டுக்கு அடியில் விறகும் சிரட்டையும். இந்தப் பின்கட்டுக்குப் பெயர் வொர்க் ஏரியா. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் கொத்தனாரிடம் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். முன்கட்டில் டீயும் தோசையும். சோறு பொங்குவதும் வெந்நீர் காய்வதும் மீன் வறுபடுவதும் பின்கட்டில்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விநோதமாக இருக்கும். 2019-21 கணக்கின்படி கேஸ், மின்சாரம் போன்ற தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் சுமார் 83 சதவீதம், கேரளத்தில் சுமார் 72 சதவீதம்தான். படிப்பிலும் வருமானத்திலும் சளைக்காத மாநிலம் அடுப்பு விஷயத்தில் ஏன் பின்தங்கியது? பின்தங்கவில்லை என்பது என் கட்சி. வீட்டைச் சுற்றி நாலு தென்னை நின்றால் மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை என்று எரிபொருள் தானாக விழுகிறது. “சிரட்டை சும்மாதானே கண்ணு கெடக்குது, இதுக்குப் போயி கேஸைத் தொறக்கோணுமா?” என்று கேட்கும் மாமியாரிடம் எந்த மருமகளும் வாதாடி ஜெயித்ததில்லை. மேலும் அங்கே உண்பது மட்ட அரிசி என்ற சிவப்புப் புழுங்கலரிசி. பச்சரிசி போலக் கால் மணியில் வெந்துவிடாது. முக்கால் மணி நேரம்கூட அடுப்பில் கிடக்கும். அதைத் தினமும் கேஸில் வேகவைத்தால் சிலிண்டர் தாங்காது.

ஆக விறகு போகவில்லை. ஆனால் புகை போக வேண்டியிருந்தது. வொர்க் ஏரியாவின் கதை அங்கே தொடங்குகிறது.

அடுப்புக்குப் புகைக்குழாய் வைக்கும் யோசனை இந்தியாவில் சுதந்திரத்தை ஒட்டியே வந்துவிட்டது. வார்தாவில் காந்தியவாதிகள் ‘மகன் சூலா’ என்ற அடுப்பைச் செய்தார்கள். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்து, கோடிக்கணக்கான எளியவர்களின் சமையலறைக்கு இது என்று 1953-ல் ஒரு சிறுநூலே எழுதினார். அது அச்சானது சென்னையில். ஆனாலும் அடுப்பு பரவவில்லை. புகை எவ்வளவு கெடுதல் என்பதற்கு அன்று அளவு கிடையாது. கண் எரிவது பெண்பிள்ளைகளின் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். 1983-ல்தான் கிர்க் ஸ்மித் என்பவரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் மீதே கருவி மாட்டி அவர்கள் இழுக்கும் புகையை அளந்து எழுதினார்கள்.

அதற்குள் பாலக்காட்டில் வேறொரு வழியாக அடுப்புக்கு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மண்ணார்க்காட்டுக்கு மேலே, குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் சைலண்ட் வேலி திட்டத்துக்கு 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு அதை எதிர்த்தது. எம்.கே.பிரசாத், எம்.பி.பரமேஸ்வரன் உள்ளிட்ட ஐந்து பேர் திட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசி 1979-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பரமேஸ்வரன் அணுசக்திப் பொறியாளர். மாஸ்கோவில் படித்து, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்தவர். கடைசியில் அணை கைவிடப்பட்டு, 1984-ல் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அணை வேண்டாம் என்பவரிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அப்போ கரண்டுக்கு என்ன வழி? இதற்குப் பதில் தேடுகிறவர், நாட்டில் சக்தி எங்கே அதிகம் செலவாகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால் கை சமையலறையைக் காட்டும். கிராமத்து வீடு செலவிடும் சக்தியில் பெரும்பங்கு விறகு. மூன்று கல் அடுப்பில் அந்த விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போய்ச் சேருகிறது. அணுசக்தி படித்தவர்கள் அடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியது சிலருக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். எனக்கு அது அவர்கள் செய்த காரியங்களிலேயே மூளையுள்ளதாகத் தெரிகிறது.

1980களில் வீட்டுக்கு வீடு போனது பரிஷத் அடுப்பு. 1987-ல் பாலக்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி முண்டூரில் ஒருங்கிணைந்த கிராமியத் தொழில்நுட்ப மையத்தைப் பரிஷத் தொடங்கியபோது, அங்கே நடந்த முக்கிய வேலைகளில் அடுப்பும் ஒன்று.

அந்த அடுப்பைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். விறகு தரையில் கிடக்காது; ஒரு சல்லடைக் கம்பியின் மேல் கிடக்கும். அடியிலிருந்து காற்று ஏறும், சாம்பல் கீழே உதிரும். தீ முதல் பானையின் அடியில் எரிந்து, மிச்சச் சூடு ஒரு குறுகலான வழியாக இரண்டாவது பானைக்குப் போய், அதன் பிறகே குழாயில் ஏறும். சூடான புகை குழாயில் மேலே போகும் வேகத்தில் வாய்ப்பக்கமிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும், ஊதுகுழலுக்கு வேலையில்லை. எல்லாம் அளவில்தான் இருக்கிறது. வாய் ஓர் அங்குலம் அகன்றால் சூடெல்லாம் குழாய் வழியே ஓடிவிடும். குறுகினால் புகை திரும்பி முகத்துக்கு வரும். அதனால் படத்தைக் கொடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விடமுடியாது. பயிற்சி பெற்ற கை வேண்டும். 1983 கடைசியில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்குத் தேசியத் திட்டம் தொடங்கி, 2002 வரை நாடெங்கும் 3 கோடிக்கு மேல் கட்டியது. பல ஊர்களில் அவை ஓரிரு ஆண்டில் குழாய் அடைத்து, திண்டு விரிந்து, ஆடு கட்டும் இடமாயின. கேரளத்தில் நிலைத்ததற்குக் காரணம் கொத்தனார்கள் அதைக் கற்றுக்கொண்டதுதான் என்பேன். அரசுத் திட்டம் முடிந்தும் அடுப்பு வீட்டு வரைபடத்துக்குள் புகுந்துவிட்டது.

இனி மற்றத் தீ. திரவ பெட்ரோலிய வாயுவை வீட்டுச் சமையலுக்கு இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது பர்மா ஷெல், 1955-ல், பம்பாயில். அதுதான் நாட்டுடைமையாகிப் பாரத் கேஸ் ஆனது. இந்தியன் ஆயில் 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேனைத் தொடங்கியது. அதன் பிறகும் நெடுங்காலம் கனெக்‌ஷனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த அடுப்பை யாராவது புகைபிடித்த அறையில் வைப்பார்களா? அதற்கு வீட்டின் நல்ல அறை கிடைத்தது. விறகடுப்பு ஒரு சுவர் தாண்டிப் பின்னே போனது. கரி ஒட்டக்கூடாது என்பதற்காகப் போட்ட சுவர்தான். பாதுகாப்பு என்று யாரும் யோசித்துப் போட்டதில்லை. ஆனால் அந்தச் சுவர்தான் இத்தனை வருடமாக இரண்டு தீயையும் பிரித்து வைத்திருக்கிறது.

ஏன் பிரிக்க வேண்டும்? கேஸ் அடுப்பைக் குமிழைத் திருப்பி அணைக்கலாம். விறகடுப்பை அணைக்க முடியாது. நீறு பூத்த கங்கு மணிக்கணக்கில் உள்ளே உயிரோடு கிடக்கும். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். கசிந்தால் ஒரு படி திரவம் ஏறக்குறைய 250 படி வாயுவாக விரியும். அது காற்றைவிடக் கனம்; மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். முன்கட்டில் கசிவது பின்கட்டுக் கங்கைத் தேடிப் போகும் என்பதுதான் இரட்டை எரிபொருள் வீட்டின் தனிப்பட்ட ஆபத்து.

நாற்றம் வந்தால் ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வீடுகளுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: வொர்க் ஏரியாக் கதவைத் திறக்காதீர்கள். வெளியே திறக்கும் கதவையும் ஜன்னலையும் திறங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் மூடியைப் போட்டுவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. 1937 மார்ச் 18-ல் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாடையில்லாத வாயு சேர்ந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், செத்த பிறகே வாடை கலப்பது அங்கே சட்டமானது. நம் சிலிண்டரில் கலப்பது எத்தில் மெர்காப்டன். மீன் வறுக்கும் புகைக்கு நடுவே அந்த வாடை எடுபடாமல் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

சமீபகாலமாக இந்தச் சுவருக்கு வேட்டு வைக்கும் ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. முன்கட்டு அழகாக இருக்க வேண்டுமாம். சிலிண்டரை வொர்க் ஏரியாவில் தள்ளிவிட்டு, சுவரில் துளை போட்டுக் குழாயை இழுக்கிறார்கள். அதாவது ஊரிலேயே அதிகம் எரியக்கூடிய பொருளைக் கொண்டுபோய்க் கங்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். சிலிண்டர் வெளியே போவது நல்லதே. ஆனால் வெளிச்சுவரோரம், காற்றோட்டமான கூண்டில், சாக்கடைக் குழிக்குத் தள்ளி, நிமிர்ந்து நிற்க வேண்டும். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் அல்ல.

சுவரே இல்லாத வீடுகள்தான் கவலை. இடுக்கிப் பக்கம் வாருங்கள். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்களில் தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடுகளில் சமையலுக்கு ஒரு மூலை கிடைத்தால் பெரிது. அதில் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் விறகோ தேயிலைக் கவாத்துக் குச்சியோ எரியும் அடுப்பு. ஒரு கை தூரத்தில் சிலிண்டர். மூணாறில் மார்கழி, தை இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும். சிலிண்டரில் உள்ள புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனோ பூஜ்யத்தை நெருங்கினாலே சோம்பிவிடும். சிலிண்டரில் பாதி இருக்கும்போதே தீ சுருங்கிப்போவது இதனால்தான். அப்போது சிலிண்டரை விறகடுப்புப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கை பரபரக்கும். வெந்நீரில் வைக்கலாமா என்று தோன்றும். இரண்டும் கூடாது. உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று உங்களால் கணக்கிட முடியாது. வெயில் ஏறும்வரை விறகிலேயே சமைப்பது மேல். இரண்டு எரிபொருள் வைத்திருப்பதே அதற்குத்தானே. அதே குளிரில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் கங்குச் சட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பதோ, கேஸ் தீயைவிடக் கொடுமை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, கண்ணும் எரியாது.

பாலக்காட்டுக்கோ குளிர் இல்லை, காற்று. மலை விலகி நிற்கும் கணவாய் வழியாக மார்கழியிலிருந்து மாசிவரை கீழைக்காற்று வீசும்போது திறந்த ஜன்னலோரம் உள்ள பர்னர் சத்தமில்லாமல் அணைந்துவிடும். வாயு மட்டும் வந்துகொண்டேயிருக்கும். தீ அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் அமைப்பு நம் ஊரில் விற்கும் பெரும்பாலான அடுப்புகளில் இல்லை. அதே காற்று, குட்டையான புகைக்குழாயில் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். குழாய் கூரை முகட்டைவிட உயர்ந்து, தலையில் தொப்பி வைத்து நிற்க வேண்டும். பழைய வீடுகளில் அது ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருக்கலாம். அதை ரம்பம் வைத்து அறுக்காமல், சுரண்டாமல், உடையாமல் இறக்கச் சொல்லுங்கள்.

முண்டூரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பொருள் சூடாறாப்பெட்டி. சுற்றிலும் தெர்மோகோல் அடைத்த பெட்டி, அவ்வளவுதான். அரிசியைக் கொதிக்கவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பானையோடு மூடி உள்ளே வைத்தால், தீயே இல்லாமல் வெந்துவிடும். 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் இதே வித்தையைக் காட்டியிருக்கிறார். ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டி என்று போர்க்காலத்தில் பல வீடுகளில் இருந்தது. வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே போகும் முன் சோற்றை எடுத்துவிட வேண்டும். ராத்திரி வைத்துக் காலையில் எடுத்தால் வயிற்றுக்கு ஆகாது. மட்ட அரிசிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. ஆனாலும் பிரஷர் குக்கரைப் போல அது ஏன் எல்லா வீட்டிலும் ஏறவில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான். விசில் அடிக்காத பாத்திரத்தை யாரும் நம்புவதில்லை போலும்.

கடைசியாக, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய இரண்டு சங்கதி. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பி-27 என்பதுபோல் எழுதியிருக்கும். 2027-ன் இரண்டாம் காலாண்டுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியதை இறக்கவே விடாதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். ஐந்து வருடம் முடிந்திருந்தால் மாற்றுங்கள். விறகடுப்பும் அதே அறையில் இருந்தால், பொறி பட்டுப் பொசுங்கிய புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று டியூபை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. முன்கட்டில் இப்போது மூன்றாவதாக இண்டக்‌ஷன் அடுப்பும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2,000 வாட் இழுக்கும் அதை மிக்ஸி செருகும் சின்னச் சாக்கெட்டில் செருகாதீர்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் சிலிண்டருக்கு எதிர்ச்சுவரில்.