அடங்காப்பற்றுக்குப் புறப்பட்ட படைகள்

ஆனையிறவு என்றால் இன்று உப்பளமும் போரும் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைத் தந்தவை வன்னிக் காட்டு யானைகள். பிடிபட்ட யானைகள் அவ்வழியே கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்தன; ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியக் கரைக்கு விலைபோயின. வன்னிமைகள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசுகள் ஒல்லாந்தருக்குச் செலுத்தவேண்டிய திறையும் யானைதான். அது ஒழுங்காக வந்து சேர்வதில்லை. 1697இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொம்மாந்தோர் ஹென்றிக் சுவார்டெக்ரூன் தாம் இல்லாத காலத்துக்கென எழுதிவைத்த குறிப்பிலேயே யானை நிலுவை பெருங்கவலையாக இருக்கிறது.

திறை கொடாதவனைக் கலகக்காரன் என்பது ஆள வந்தவர்களின் வழக்கு. வன்னியின் ஒரு பகுதிக்கு நம்மவர் இட்டு வழங்கிய பெயரோ அடங்காப்பற்று. குடாநாட்டின் கழுத்தில் ஒல்லாந்தர் நிறுத்திய சிறு கோட்டைகளில் ஒன்றின் பெயர் பெஸ்கூட்டர். அவர்கள் மொழியில் பாதுகாவலன் என்று பொருள். வன்னியிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் காக்கவாம். ஒரே மொழி பேசி, கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு நிலங்களுக்கு நடுவே எல்லை கீறியது அந்தக் காவல் வரிசை. வன்னியைப் பின்நிலமாகவே பார்க்கும் நம் பழக்கத்திலும் அந்தக் கீறலின் தடம் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

1782இல் ஒல்லாந்தர் படை நடத்தி வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். அந்தப் போரில் அவர்களை மிகக் கடுமையாக எதிர்த்து நின்றவள் ஒரு வன்னிச்சி, வன்னியின் பெண் தலைவி. அவளைச் சிறைப்பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். பிரித்தானிய அதிகாரியான எமர்சன் ரெனன்ற் கூட அவளது உறுதியை வியந்து எழுதினார். நம் ஊர்களில் அவளுக்கு ஒரு தெருப்பெயராவது இட்டிருக்கலாம்.

1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1803 ஜூனில் கண்டியில் அவர்களது படை அழிந்தது. அந்தத் தோல்வியை அடுத்து, ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் காவலரணைத் தாக்கிப் பீரங்கியையும் கைப்பற்றினான். இதற்குப் பழிதீர்க்க யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் படைகள் புறப்பட்டன. ஒக்டோபர் 31 விடியற்காலையில் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் அணி கற்சிலைமடுவில் அவனைத் திடீரென வளைத்தது. பீரங்கியை மீட்டதோடு அவர்கள் திரும்பவில்லை. குடிமக்களின் வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். தண்டனைப் படையெடுப்பு என்பதன் உள்ளடக்கம் இதுதான். வன்னியனைப் பிடிக்க முடியாவிட்டால், அவனுக்குச் சோறிட்ட அடுப்பை அவிப்பது. அன்றைய இந்தியாவின் வடமேற்கு மலைகளில் பத்தானியக் கிராமங்களைப் பின்னாளில் எரித்த ஆங்கிலேயப் படைகளும் இதையே செய்தன.

ஒக்டோபர் 31 அன்றே பண்டாரவன்னியன் வீழ்ந்தான் என்று நினைவுநாள் கொண்டாடுவோர் உண்டு. ஆனால் கற்சிலைமடுவில் ஆங்கிலத்தில் பொறித்த நினைவுக்கல், அவன் தோற்கடிக்கப்பட்டதாக மட்டுமே சொன்னது, கொல்லப்பட்டதாகச் சொல்லவில்லை. அவன் தப்பிக் காட்டுக்குள் மறைந்தான். அதன் பின்னும் சில ஆண்டுகள் அவன் பெயர் ஆங்கிலேயரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.