இந்திய உச்ச நீதிமன்றம் கைவிட்ட முன்தீர்ப்புகள் (2017–2025)

இந்திய உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 141-ஆம் உறுப்பு கூறுகிறது. ஆனால் தன்னுடைய பழைய தீர்ப்பு தவறானது என்று கருதினால், அதை விலக்கிவிட்டுப் புதிய விளக்கம் தர உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2017 முதல் 2025 வரையிலான காலத்தில் அந்தரங்க உரிமை, தண்டனைச் சட்டம், இட ஒதுக்கீடு, மக்கள் பிரதிநிதிகளின் சிறப்புரிமை, கனிம வரி, தனியார் சொத்து எனப் பல துறைகளில் இவ்வாறு முன்தீர்ப்புகள் கைவிடப்பட்டன. அவற்றுள் ஒன்று ஐந்தாண்டுக்கும் குறைவாகச் சட்டமாக இருந்தது. இன்னொன்று அறுபது ஆண்டுக்கும் மேலாக நீடித்தது. தீர்ப்பு திருத்தப்பட்டாலும், அது நடைமுறையில் இருந்த காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இழந்தவை எல்லாம் திரும்புவதில்லை. இந்தத் தீர்ப்புகளின் வரலாற்றைப் படிக்கும்போது, என்ன மாறியது என்பதோடு, மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

பின்னணி

1950 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய உச்ச நீதிமன்றம், 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் தன் முன்தீர்ப்புகள் தன்னையே கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. 141-ஆம் உறுப்பில் வரும் ‘எல்லா நீதிமன்றங்களும்’ என்ற சொல்லில் உச்ச நீதிமன்றம் அடங்காது என்பது அதன் விளக்கம். இரண்டே ஆண்டுகளுக்கு முன் விற்பனை வரி தொடர்பாகத் தான் வழங்கிய தீர்ப்பை அந்த வழக்கில் அது மாற்றியது.

எனினும் நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. சிறிய அமர்வு பெரிய அமர்வின் தீர்ப்பை மீற முடியாது; ஐயம் எழுந்தால் வழக்கைத் தலைமை நீதிபதியிடம் அனுப்பி, பெரிய அமர்வு அமைக்கக் கோர வேண்டும். எட்டு நீதிபதிகளின் தீர்ப்பை மாற்ற ஒன்பது நீதிபதிகள் தேவைப்படுவது இதனால்தான். அத்தகைய பெரிய அமர்வுகள் அரிதாகவே அமைக்கப்படுவதால், தவறு என்று பலரும் கருதும் தீர்ப்புகூட நெடுங்காலம் சட்டமாக நிலைத்துவிடுகிறது.

அந்தரங்க உரிமையும் நெருக்கடி நிலைத் தீர்ப்பும்

1954-இல் எம். பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகளும், 1962-இல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகளும் அமர்ந்து, அந்தரங்க உரிமைக்கு அரசியலமைப்பில் தனிப் பாதுகாப்பு இல்லை என்ற வகையில் தீர்ப்பளித்தனர். கரக் சிங் வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். அந்தரங்கம் என்பது தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்பது அவர் கருத்து.

ஆதார் திட்டத்தை எதிர்த்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி வழக்குத் தொடர்ந்தபோது, மத்திய அரசு அந்தப் பழைய தீர்ப்புகளையே முன்வைத்து வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். சுப்பா ராவின் மாறுபட்ட கருத்து 55 ஆண்டுகளுக்குப் பின் சட்டமானது.

அதே தீர்ப்பு, 1976 ஏப்ரல் 28 அன்று வழங்கப்பட்ட ஏ. டி. எம். ஜபல்பூர் தீர்ப்பையும் விலக்கியது. நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய முடியாது என்று, ஒன்பது உயர் நீதிமன்றங்கள் எடுத்த நிலைக்கு மாறாக, 4–1 என்ற கணக்கில் கூறிய தீர்ப்பு அது. மாறுபட்ட ஒரே நீதிபதி எச். ஆர். கன்னா. 1977-இல் அவருக்குப் பணியில் இளையவரான எம். எச். பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டதால் அவர் பதவி விலகினார். 1976-இல் பெரும்பான்மைத் தரப்பில் இருந்த ஒய். வி. சந்திரசூட்டின் மகனான டி. ஒய். சந்திரசூட், 2017-இல் அந்தத் தீர்ப்பு மிகவும் பிழையானது என்று எழுதினார்.

41 ஆண்டுகள் கழித்து வந்த இந்தத் திருத்தம், 1976-இல் சிறையில் இருந்தவர்களுக்கு எந்த நிவாரணமும் தரவில்லை. அவர்களது நிலை மறுபடி எவருக்கும் வராமல் தடுத்தது நாடாளுமன்றம்தான். 1978-இல் கொண்டுவரப்பட்ட 44-ஆம் திருத்தத்தின்படி, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையைக் காக்க நீதிமன்றத்தை அணுகுவதைத் தடுக்க முடியாது. நீதிமன்றத்தின் திருத்தம் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

தண்டனைச் சட்டம்

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் ஒருபாலுறவையும் குற்றமாக்கியது. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அப்பகுதி செல்லாது என்றது. 2013 டிசம்பர் 11 அன்று சுரேஷ் குமார் கௌசல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தனர். பாதிக்கப்படுவோர் மக்கள் தொகையில் மிகச் சிறு பகுதியினரே என்பதும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாக இல்லாதவர்கள் மறுபடியும் குற்றவாளிகள் ஆயினர். 2014-இல் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி செய்யப்பட்டன.

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 2013 தீர்ப்பை விலக்கினர். அடிப்படை உரிமை என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல என்று 2017 அந்தரங்கத் தீர்ப்பு முன்னரே சொல்லியிருந்தது இதற்கு வழி வகுத்தது. இம்மக்களும் அவர்களது குடும்பத்தினரும் அனுபவித்த இழிவுக்கும் விலக்கத்துக்கும் வரலாறு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்கோத்ரா எழுதினார்.

அதே மாதம் 27 அன்று, மணமான பெண்ணுடன் அவளது கணவனின் சம்மதமின்றி உறவுகொள்ளும் ஆணைத் தண்டிக்கும் 497-ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. இப்பிரிவு செல்லும் என்று 1954-லும் 1985-லும் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் சட்டம் சமத்துவத்துக்குப் பொருந்தாது என்பது புதிய தீர்ப்பின் சாரம்.

இட ஒதுக்கீடு

பட்டியல் சாதியினர் அனைவரும் ஒரே தொகுதி, அவர்களுக்குள் பிரிவுகள் ஏற்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று 2004-இல் இ. வி. சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆந்திரப் பிரதேசத்தின் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் அதனால் செல்லாமல் போனது. பஞ்சாபில் பால்மீகி, மசாபி சீக்கியர் பிரிவினருக்கு 1975 முதல் இருந்த முன்னுரிமையும் இத்தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு அளித்து 2009-இல் இயற்றப்பட்ட சட்டமும் வழக்கை எதிர்கொண்டது.

2024 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாப் மாநில அரசு எதிர் தவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் 6–1 என்ற கணக்கில் சின்னையா தீர்ப்பை விலக்கினர். பட்டியலில் உள்ள சாதிகள் எல்லாம் ஒரே அளவில் பின்தங்கியவை அல்ல என்பதை வரலாறும் தரவுகளும் காட்டுவதாக அவர்கள் கருதினர். உள் ஒதுக்கீடு தரும் மாநிலம் அதற்குரிய தரவுகளைக் காட்ட வேண்டும். எல்லா இடங்களையும் ஒரே பிரிவுக்குக் கொடுத்துவிடக் கூடாது. நீதிபதி பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். குடியரசுத் தலைவர் அறிவித்த பட்டியலில் மாநிலங்கள் கைவைக்க முடியாது என்பது அவர் வாதம்.

இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளியில் சேர்ந்து, படித்து, வேலை தேடும் வயதை அடையும் காலம். பஞ்சாபில் இழந்த முன்னுரிமையால் கிடைக்காமல் போன வேலைகளைப் புதிய தீர்ப்பால் திருப்பித் தர முடியாது.

கையூட்டும் சிறப்புரிமையும்

1993-இல் பி. வி. நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 14 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. அரசுக்கு ஆதரவாக வாக்களிக்கச் சில உறுப்பினர்கள் பணம் பெற்றதாக வழக்கு எழுந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் 3–2 என்ற கணக்கில், பணம் பெற்று அதன்படி வாக்களித்த உறுப்பினரை 105-ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பின் காரணமாகத் தண்டிக்க இயலாது என்றது. பணம் பெற்றும் வாக்களிக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற முரணான நிலை இதனால் உண்டானது.

2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக இத்தீர்ப்பை விலக்கினர். கையூட்டுப் பெற்றவுடனேயே குற்றம் நிறைவடைகிறது. பின்னர் வாக்களித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று அவர்கள் கூறினர். 1998-இல் மாறுபட்ட நீதிபதிகள் எஸ். சி. அகர்வால், ஏ. எஸ். ஆனந்த் ஆகியோரின் கருத்தே இங்கும் வென்றது.

கனிம வரியும் பழைய பாக்கியும்

தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டப்படி கனிமங்களின் ராயல்டி மீது வசூலிக்கப்பட்ட மேல்வரியை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், ராயல்டியும் ஒரு வரியே, அதன்மேல் மாநிலம் வரி போட முடியாது என்று 1989-இல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கனிம வளம் மிகுந்த மாநிலங்கள் பெரும் வருவாயை இழந்தன.

2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் 8–1 என்ற கணக்கில் இதை மாற்றினர். ராயல்டி என்பது சுரங்கக் குத்தகைக்காகத் தரப்படும் ஒப்பந்தத் தொகை, வரி அல்ல என்பது பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி பி. வி. நாகரத்னா மாறுபட்டார். மாநிலங்கள் பழைய பாக்கியைக் கேட்கலாமா என்ற கேள்விக்கு ஆகஸ்ட் 14 அன்று விடை கிடைத்தது. 2005 ஏப்ரல் 1-க்கு முந்தைய காலத்துக்குக் கேட்கக் கூடாது. பிந்தைய பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம். 2024 ஜூலை 25-க்கு முந்தைய காலத்துக்கான வட்டியும் அபராதமும் இல்லை. பணம் தொடர்பான வழக்கு என்பதால், தவறான தீர்ப்பின் இழப்பில் ஒரு பகுதியையாவது கணக்கிட்டுத் திருப்ப முடிந்தது. 1976-இன் சிறைவாசிகளுக்கோ 2013-இல் மறுபடி குற்றவாளிகள் ஆக்கப்பட்டவர்களுக்கோ அப்படியொரு கணக்கு எழவில்லை.

தனியார் சொத்து

பழைய சிறுபான்மைக் கருத்து எப்போதும் வெல்வதில்லை. ‘சமுதாயத்தின் பொருள்வளங்கள்’ என்ற 39(ஆ) உறுப்பின் சொற்களில் தனியார் சொத்துகளும் அடங்கும் என்று 1977-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதினார். ஏழு பேர் அமர்வில் அது மூவரின் கருத்து மட்டுமே. 1982-இல் சஞ்சீவ் கோக் வழக்கில் அது சட்டமாக ஏற்கப்பட்டது. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, தனியார் சொத்துகள் அனைத்தும் பொதுவளம் ஆகா, சில மட்டுமே ஆகலாம் என்று கூறி அந்தப் போக்கை விலக்கியது. பழைய நீதிபதிகளை அவர்கள் வாழ்ந்த காலத்தின் பின்னணியில் மதிப்பிட வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா தனித் தீர்ப்பில் எழுதினார். நீதிபதி சுதான்சு துலியா முடிவிலும் மாறுபட்டார்.

விரைவான மாற்றம்

2025-இல் வேறொரு வகை மாற்றம் காணப்பட்டது. முன் அனுமதி பெறாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கக் கூடாது என்று மே 16 அன்று வனசக்தி வழக்கில் இரு நீதிபதிகள் தடை விதித்தனர். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, மூவர் அமர்வு 2–1 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. முதல் தீர்ப்பை வழங்கிய இருவருள் ஒருவரான நீதிபதி உஜ்ஜல் புயான் இந்த முறை சிறுபான்மையில் இருந்தார்.

முன்னர் சொன்ன வழக்குகளில் தாமதம் குறையாக இருந்தது. இங்கே விரைவே கேள்விக்குள்ளானது. தீர்ப்பு ஆறு மாதத்தில் மாறுமானால், அதை நம்பித் திட்டமிடுவது அரசுக்கும் குடிமக்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் கடினமாகிறது. தவறான தீர்ப்பு நாற்பது ஆண்டுகள் நீடித்தால், அதன் கீழ் வாழ்ந்தவர்களுக்குத் திருத்தம் வந்து சேர்வதில்லை. மாறுபட்ட கருத்துகளை முழுமையாகப் பதிவு செய்வது, பெரிய அமர்வுகளைக் காலத்தோடு அமைப்பது, தீர்ப்பை மாற்றும்போது இடைக்காலத்தில் இழந்தவர்களின் நிலை குறித்தும் முடிவு சொல்வது ஆகிய மூன்றையும் நீதிமன்றம் தனித்தனி வழக்குகளில் செய்துள்ளது. கனிம வரி வழக்கில் மூன்றாவதற்கு ஒரு வழி கண்டது. உரிமைகள் தொடர்பான வழக்குகளில் அதற்கு ஈடான வழி இன்னும் உருவாகவில்லை.