தனிப்பாதையும் சாலை உரிமையும்: மிதிவண்டியோட்டிகளின் பாதுகாப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மிதிவண்டியோட்டிகளுக்குச் சாலையில் பாதுகாப்பு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். அப்பாதுகாப்பை எவ்வாறு அளிப்பது என்னும் இடத்தில்தான் இரு கட்சிகள் எழுகின்றன. மிதிவண்டிகளை மோட்டார் வாகனங்களிடமிருந்து பிரித்துத் தனிப்பாதையில் செலுத்துவதே தக்கது என்பது ஒரு கட்சி. சாலை அனைவர்க்கும் பொது. மிதிவண்டியும் ஒரு வாகனமே. எனவே அதனை ஒதுக்காமல் மோட்டார் வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே முறை என்பது மற்றொரு கட்சி. இவ்விவாதம் அண்மைக் காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் இது கடுமையாக நடைபெற்றது. பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய இரு நாடுகளின் பட்டறிவை ஒப்பிட்டு, அதன் துணைகொண்டு மலேசிய, சிங்கப்பூர்ச் சாலைகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனிப்பாதை தன்னளவில் பாதுகாப்பும் அன்று, ஒதுக்கலும் அன்று. அது யாருடைய நலன் கருதி அமைக்கப்பட்டது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது என்பது நம் கருத்து.

நல்ல சாலை கேட்டவர்கள்

மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு முன்பே நல்ல சாலை வேண்டுமெனக் குரல் கொடுத்தவர்கள் மிதிவண்டியோட்டிகளே. இரயில் பாதைகள் பெருகியபின் பிரிட்டனின் நெடுஞ்சாலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1878ஆம் ஆண்டில் ஹேரோகேட் நகரில் தொடங்கப்பெற்று, பின்னர் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் எனப் பெயர் பெற்ற அமைப்பு, தேசிய மிதிவண்டியோட்டிகள் ஒன்றியத்துடன் இணைந்து 1886ஆம் ஆண்டில் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை நிறுவியது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியை ‘வண்டி’ என வகைப்படுத்தியது. இதனால், குதிரை வண்டிக்கு உள்ள அதே உரிமையும் கடமையும் மிதிவண்டிக்கும் உரியனவாயின. இச்சங்கத்தின் செயலாளராக விளங்கிய வில்லியம் ரீஸ் ஜெஃப்ரிஸ் ஒரு மிதிவண்டி ஆர்வலர். இவரே 1910ஆம் ஆண்டில் அரசாங்கச் சாலை வாரியத்தின் செயலாளராகவும் ஆனார்.

ஆகவே, பிரிட்டானிய மிதிவண்டியோட்டிகள் சாலையைத் தாங்கள் போராடிப் பெற்ற சொத்தாகக் கருதினர். பிற்காலத்தில் தனிப்பாதையை அவர்கள் எதிர்த்ததைப் புரிந்துகொள்ள, இந்த முன்வரலாற்றை நாம் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

1934: வெஸ்டர்ன் அவென்யூ

1903ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மணிக்கு 20 மைல் என்னும் வேக வரம்பை விதித்திருந்தது. பலராலும் மீறப்பட்ட இவ்வரம்பை 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களைப் பொறுத்தமட்டில் அறவே நீக்கியது. இதன்பின் 1934ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் பிரிட்டானியச் சாலைகளில் உயிரிழந்தனர். 231,603 பேர் காயமுற்றனர். மாண்டோரில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மிதிவண்டியோட்டிகள் ஆவர். அக்காலத்தில் அந்நாட்டில் இருந்த மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 24 இலட்சமே. இன்று நான்கு கோடி அளவிலான வாகனங்கள் ஓடும் அந்நாட்டில் ஆண்டு மரணம் இரண்டாயிரத்திற்கும் குறைவு என்பதனோடு ஒப்பிட்டால், அன்றைய நிலையின் கொடுமை விளங்கும்.

அரசாங்கம் இருவழிகளில் இதனை எதிர்கொண்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வேக வரம்பும், புதிதாக வாகனமோட்டுவோர்க்குக் கட்டாயத் தேர்வும் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. இது வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழி. மற்றொன்று பிரித்து வைக்கும் வழி. 1934 டிசம்பர் 14ஆம் நாள் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா இலண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ சாலையில் முதல் மிதிவண்டிப் பாதையைத் திறந்து வைத்தார். இரண்டரை மைல் நீளமும் எட்டரை அடி அகலமும் கொண்ட அப்பாதை, சாலையின் இருபுறமும் அமைந்திருந்தது.

மிதிவண்டியோட்டிகள் இதனை மகிழ்ந்து வரவேற்றிருப்பர் என நாம் எண்ணலாம். நடந்தது வேறு. ஜி. எச். ஸ்டான்சர் செயலாளராக இருந்த சுற்றுலாக் கழகம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. அவ்வெதிர்ப்பில் இரு கூறுகள் இருந்தன. முதலாவது, பொறியியல் சார்ந்தது. கிளைச்சாலைகள் குறுக்கிடும் இடந்தோறும் பாதை அறுபட்டது. ஆபத்து மிகுந்த சந்திப்புகளில் மிதிவண்டி பாதுகாப்பின்றியே விடப்பட்டது. இரண்டாவது, உரிமை சார்ந்தது. இன்று பாதை தருவோர் நாளை சாலையைத் தடை செய்வர் என அவர்கள் அஞ்சினர். இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. அதே 1934ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து ஆணை, தனிப்பாதை உள்ள இடங்களில் மிதிவண்டியோட்டிகள் அதனையே பயன்படுத்த வேண்டுமென விதித்தது. பிரிட்டனிலும் 1939ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த ஆல்னஸ் பிரபு தலைமையிலான மேலவைக் குழு, போதிய பாதைகள் அமைந்தபின் அவற்றின் பயன்பாட்டைக் கட்டாயமாக்கலாம் எனப் பரிந்துரைத்தது. உலகப் போர் மூண்டதால் இத்திட்டங்கள் கைவிடப்பட்டன.

இவ்விவாதத்தில் வென்றவர் யார் எனக் கேட்பின், இருசாராரும் தோற்றனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. கழகம் சாலை உரிமையைக் காத்துக்கொண்டது. ஆனால், அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் மறைந்து வந்தனர். 1949ஆம் ஆண்டில் பிரிட்டன் மக்கள் மிதிவண்டியில் கடந்த மொத்தத் தொலைவு 1,470 கோடி மைல். 1973ஆம் ஆண்டில் அது 230 கோடி மைலாகச் சுருங்கியது. கார் வாங்கும் வசதி பெருகியது இதற்கொரு காரணம். எனினும், விரைந்து செல்லும் வாகனங்களுக்கிடையே மிதிவண்டியோட்டத் துணிவற்றுப் போனதும் ஒரு காரணமே. விபத்து எண்ணிக்கை குறைவதை மட்டுமே பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்வோர் இங்கு ஏமாற்றம் அடைவர். சாலையில் ஓட்டுவோரே இல்லையெனில், மாள்வோரும் இரார்.

நெதர்லாந்து: பெற்றோர் எழுப்பிய குரல்

நெதர்லாந்து மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நாடு. அந்நாட்டு மக்கள் இயல்பிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் எனப் பலர் கருதுகின்றனர். வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. மிதிவண்டிப் பயன்பாடு சரிந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். 1971ஆம் ஆண்டில் இறந்தோரில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலை விபத்தில் இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் இதழாளர், 1972ஆம் ஆண்டில் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் சாலைகளில் அமர்ந்து மறியல் செய்தனர். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, காரில்லாத தெரு எவ்வாறு இருக்கும் என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டனர். 1975ஆம் ஆண்டில் மிதிவண்டியோட்டிகள் சங்கமும் தோன்றியது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ‘விபத்து’ என்ற சொல்லை இவ்வியக்கம் ‘கொலை’ எனப் பெயர்த்தது. விபத்து என்பது விதிவயத்தால் நிகழ்வது. கொலை எனின், பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அப்பொறுப்பைத் தனி ஓட்டுநர் மீது மட்டும் சுமத்தாமல், சாலையை அமைத்த அரசின் மீதும் அவர்கள் சுமத்தினர்.

அரசு செவிசாய்த்தது. 1976ஆம் ஆண்டில், கார்கள் நடைவேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. தி ஹேக், தில்பர்க் நகரங்களில் மாதிரிப் பாதைகள் அமைக்கப்பட்டன. ஒற்றைப் பாதையால் பெரும்பயன் விளையவில்லை எனக் கண்டபின், டெல்ஃப்ட் நகரில் ஊர் முழுதும் இணைந்த பாதைப் பின்னல் உருவாக்கப்பட்டது. 1990களில் இப்பட்டறிவு ஒரு கொள்கையாக வடிவம் பெற்றது. மனிதர் தவறு செய்வர். அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வேக வேறுபாடு மிகுந்த இடத்தில் பிரித்து வைத்தல், பிரிக்க இயலாத இடத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தல் என இருவழிகளையும் அது இணைத்தது. பிரிட்டனில் பகைத்து நின்ற இரு கட்சிகளும் இங்கு ஒரே கொள்கையின் இரு கூறுகளாயின.

இதனால் அங்குச் சிக்கல் முற்றும் தீர்ந்ததெனக் கூறுவதற்கில்லை. 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் மாண்ட 684 பேரில் 270 பேர் மிதிவண்டியோட்டிகள். இவர்களில் முதியோர் பலர். எனினும், மக்கள் தொகை பெருகியுள்ள நிலையிலும் மொத்த மரணம் 1970களின் தொடக்கத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைந்துள்ளமை கருதத்தக்கது.

நம் சாலைகள்

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். முதலில் மிதிவண்டிக்கும் பின்னர் காருக்கும் ஏற்பட்ட டயர்த் தேவையே மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகக் காரணமாயிற்று. அத்தோட்டங்களுக்காகவே நம் முன்னோர் பலர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். உலகச் சாலைகளில் வேகத்திற்கு வழிவகுத்த பாலை வெட்டிச் சேர்த்த தோட்டப்புறத் தமிழர், தாம் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்று வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

மலேசியாவில் 1970களின் தொடக்கத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. இரு சக்கர வாகனங்களைப் பிரித்து வைப்பதில் இது ஒரு முன்னோடி முயற்சியாகும். விபத்துகள் இதனால் குறைந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இம்முறை நாடெங்கும் பின்னலாக விரிவடையவில்லை. 2022 முதல் 2024 வரை ஆண்டுதோறும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மலேசியச் சாலைகளில் உயிரிழந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில் ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி மாண்டனர். வழக்கு ஆறு ஆண்டுகள் நீடித்தது. உயர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஓட்டுநர், 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஓட்டுநர் மீது பிழையா, பெற்றோர் மீது பிழையா என்னும் வினாவே அவ்வாண்டுகள் முழுதும் பொதுமக்களிடையே பேசப்பட்டது. ஒருவர் குற்றவாளியா என்பதே நீதிமன்றம் கேட்கத்தக்க வினா. அதற்கு அது விடை கூறிவிட்டது. சாலை எத்தகையது, அவ்விளைஞர்க்கு மிதிவண்டியோட்ட வேறு இடம் இருந்ததா என்பன சமுதாயம் கேட்க வேண்டிய வினாக்கள். அவை போதிய அளவு கேட்கப்படவில்லை.

சிங்கப்பூர் வேறொரு படிப்பினையைத் தருகிறது. தெம்பனிஸ் வட்டாரத்தில் 2007ஆம் ஆண்டில் சோதனை முறையில் நடைபாதைகளில் மிதிவண்டி அனுமதிக்கப்பட்டு, 2010இல் அது நிலைபெற்றது. 2017ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மின்-ஸ்கூட்டர்கள் பெருகிப் பாதசாரிகள் காயமுறவே, 2019 நவம்பரில் அவை நடைபாதைகளில் தடை செய்யப்பட்டன. சாலையிலிருந்து விலக்கப்படும் விரைவு வண்டி, நடைபாதையில் வலியதாகிவிடுகிறது. எளியவருக்கு இடமளிக்க, அவரினும் எளியவரின் இடத்தைப் பங்கிடுவது நிலையான தீர்வாகாது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

1934ஆம் ஆண்டின் பாதை, சாலையின் அமைப்பை மாற்றாமல், மிதிவண்டியை அதன் ஓரத்திற்கு ஒதுக்கியது. ஆதலால் அதனைப் பயன்படுத்த வேண்டியவர்களே அதனை எதிர்த்தனர். 1970களின் பாதை குழந்தைகளின் உயிரை முன்னிறுத்திப் பெற்றோரால் கேட்டுப் பெறப்பட்டது. அதனோடு கார்களின் வேகமும் கட்டுக்குள் வந்தது. இரு பாதைகளுக்கும் இடையிலான வேறுபாடு அகலத்திலும் நீளத்திலும் மட்டும் இல்லை.

நம் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு குறித்து மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘கவனமாகச் செல்ல வேண்டும்’ என்னும் அறிவுரையோடு முடிகின்றன. அவ்வறிவுரை தேவையானதே. எனினும், பாதுகாப்பின் முழுச் சுமையையும் அது மிதிவண்டியில் செல்லும் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுகிறது. பள்ளிக்கு முன்னால் உள்ள சாலையில் வாகனங்கள் ஏன் இவ்வளவு விரைந்து செல்கின்றன, அச்சாலையை அவ்வாறு அமைக்க முடிவு செய்தவர் யார் என்னும் வினாக்களையும் மாணவரிடம் எழுப்ப ஆசிரியர்கள் முன்வருதல் நன்று. நெதர்லாந்துப் பெற்றோரின் இயக்கம் அத்தகைய வினாவிலிருந்தே தொடங்கியது.