சூர் என்னும் சொல்

அஞ்சத்தக்க பொருள் கண்முன் நில்லாதபோதும் உள்ளம் நடுங்குதல் உண்டு. அந்நடுக்கத்தைச் சுட்டப் பழந்தமிழர் ஆண்ட சொற்களுள் ஒன்று 'சூர்' என்பதாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறும். பின்னைய மூன்றும் கண்ணாற் காணப்படுவன. அணங்கு ஒன்றே காட்சிக்கு எட்டாதது. சூர் இவ்வணங்கின் பாற்படும். சங்கப் புலவர் மலைச்சாரல்களைச் சூர் உடையன என்பர். ஆண்டு உறைவாரைச் சூரரமகளிர் என்பர்.

இனி, சூரன் என்னும் பெயர் வீரனைக் குறிக்கும் வடசொல்லே என்பாரும் உளர். திருமுருகாற்றுப்படையோ பேய்மகளின் நோக்கிற்குச் 'சூர்த்த' என்பதனை அடையாக்குகின்றது. ஆண்டு வீரப்பொருள் சிறிதும் பொருந்தாது. அச்சுறுத்தல் என்பதே பொருந்தும். அந்நூலே முருகன் சூரினைத் தடிந்தமையையும் பாடுதலின், அச்சத்தின் பெயர் அதனை விளைக்கும் பொருளுக்கு ஆகிவந்தது எனல் தகும். ஒலியொப்புமையால் வடசொல் பின்னர் அதனோடு கலந்தது போலும்.

கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் மாமரமாய் நின்று, பிளவுண்டு, மயிலும் சேவலும் ஆகின்றான். அருணகிரிநாதர் பாடிய விராலிமலையில் ஆறுமுகன் மயில்மேல் அமர்ந்துள்ளான். மலையைச் சூழ்ந்து மயில்கள் இன்றும் உலவுகின்றன. மலையில் உறைந்த காரணமறியா அச்சம் முதலிற் பெயர் பெற்று, பின்னர் உருப் பெற்று, முடிவில் ஊர்தியாய் அடங்கிய வரலாறே சூர் என்னும் சொல்லின் வரலாறாம்.