இணையக் காப்பும் வகுப்பறையும்

மனிதன் புதிதாகக் கண்ட கருவியின் பயனை முதலில் நுகர்பவர் பெரியோராயினும், அதனால் விளையும் இடரைப் பல வேளைகளிற் சிறுவரே முதலிற் சந்திக்கின்றனர். மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் இங்கிலாந்தின் தெருக்களில் இதுவே நிகழ்ந்தது. வீதியை மூடிவிடவும் இயலாது. குழந்தையை வீட்டினுள் அடைத்து வைக்கவும் இயலாது. ஆகவே வீதியைக் கடக்கும் முறையைக் கற்பிப்பதே வழியெனக் கண்டனர். 1953ஆம் ஆண்டில் எல்சி மில்ஸ் என்னும் அம்மையார் டவ்ற்றி என்னும் அணிற்பிள்ளையைக் கதைப்பாத்திரமாகப் படைத்தார். அதன் வாயிலாகப் பிரித்தானியச் சிறாருக்கு வீதி ஒழுங்கு புகட்டப்பட்டது. இன்று நேயர்களின் இல்லங்களுக்குள்ளேயே வேறொரு பெருவீதி வந்து புகுந்துள்ளது. இணையம் என்னும் அவ்வீதியிற் பிள்ளைகள் தீங்கின்றிச் செல்வதற்குப் பள்ளிக்கூடங்கள் கற்பிக்கத் தொடங்கிய வரலாறு சிந்தித்தற்குரியது.

இணையத்தின் தொடக்கம் அறிஞர் சிலரது கூட்டுறவில் அமைந்தது. 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திற்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் சென்ற அளவில் கணினி நின்றுபோயிற்று. அக்காலத்தில் இவ்வலையிற் சேர்ந்திருந்தோர் தொகையிற் சிலரே, ஒருவரையொருவர் நம்பியவர். ஆதலின் வாயிற்கதவுக்குத் தாழ் இடுவது பற்றி அவர்கள் மிகுதியாகச் சிந்தித்தாரல்லர்.

அந்நம்பிக்கைக்கு 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ஊறு நேர்ந்தது. கோர்ணெல் பல்கலைக்கழக மாணவராகிய றொபேட் மொறிஸ் என்பார் ஆக்கிய சிறு நிரலொன்று தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு கணினிக்குக் கணினி தாவிச் சென்றது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டது. அந்நிரல் பரவிய வழிகளுள் ஒன்று, மக்கள் வைத்திருந்த எளிய கடவுச்சொற்களை ஊகித்தறிதலாகும். தம் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தோரின் கதவு எளிதில் திறந்துகொண்டது. இன்று வகுப்பறையிற் சிறு பிள்ளைக்குச் சொல்லப்படும் கடவுச்சொற் பாடத்தை, அன்று பேராசிரியர்களே கற்கவேண்டியவராயினர்.

அடுத்த ஆண்டாகிய 1989இல் இரண்டு ஆவணங்கள் தோன்றின. மார்ச் மாதத்தில் ஜெனீவா நகரை அடுத்த அணுவாராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் உலகளாவிய வலைக்கு வித்திட்ட முன்மொழிவை எழுதினார். நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அச்சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, பல்வேறு மூலங்களிலிருந்து தகவல் பெறும் உரிமை சிறுவருக்கு உண்டென்று கூறுகின்றது. கேடு தரும் செய்திகளிலிருந்து அவர்களைக் காக்கும் நெறிகள் வேண்டுமென்றும் கூறுகின்றது. அறியவும் வேண்டும், காக்கப்படவும் வேண்டும் என்னும் இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே பின்வந்த வரலாறு முழுவதிலும் வினாவாயிற்று.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகளாவிய வலை யாவர்க்கும் உரிய பொதுச் சொத்தாக விடப்பட்டது. வீடுகளும் பாடசாலைகளும் விரைவாக அதனுட் சேர்ந்தன. அச்சங்கொண்ட பெரியோர் முதலில் நாடியது வேலியையே. ஐக்கிய அமெரிக்கா 1996இல் தகாதனவற்றைச் சிறுவர் காணாதவாறு தடுக்கச் சட்டமியற்றியது. அதன் முக்கிய பகுதிகள் வளர்ந்தோரின் பேச்சுரிமையைக் குறுக்குகின்றன என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1997இல் அவற்றை நீக்கிற்று. 1998இல் வேறொரு சட்டம், 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என விதித்தது. இதனாற் பல நிறுவனங்கள் 13ஐயே நுழைவு வயதாக வைத்தன. பிள்ளைகளோ பிறந்த ஆண்டை மாற்றி எழுதி உள்ளே நுழையப் பழகிக்கொண்டனர். 2000ஆம் ஆண்டின் சட்டம் அரசின் உதவிபெறும் பாடசாலைகளும் நூலகங்களும் வடிகட்டி பொருத்தவேண்டுமென்றது.

வடிகட்டி சொல்லைக் காணும், பொருளைக் காணாது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தார் இணைய நிறுவனமொன்றிற் கணக்குத் திறக்க இயலாது தவித்தனர். அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளிடையே தகாச் சொல் ஒன்று தற்செயலாக அமைந்திருந்ததே காரணம். குற்றமற்ற ஊரைத் தடுத்த வேலி, இனிய சொற்பேசி வரும் வஞ்சகனைத் தடுக்கவல்லதன்று. அவன் வாயில் தகாச் சொல் தொடக்கத்தில் வருவதேயில்லை.

இதற்கிடையில் இடரின் உருவமும் மாறியது. முன்னர்ப் பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பதே கவலையாயிருந்தது. பேஸ்புக் போன்ற சமூகவலைத் தளங்களும் கைத்தொலைபேசியும் பரவிய பின்னர், பிள்ளை எதைச் சொல்கின்றது, எப்படத்தை அனுப்புகின்றது, யாரோடு உரையாடுகின்றது என்பன பெருங்கவலையாயின. தீங்கு செய்பவர் அந்நியராக மட்டுமன்றி, அதே வகுப்பில் அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாயிற்று.

இந்நிலையிற் பிரித்தானிய அரசு, உளவியல் அறிஞராகிய தானியா பைறன் அம்மையாரிடம் ஆய்வொன்றை ஒப்படைத்தது. அவருடைய அறிக்கை 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்தது. பொது நீச்சற் குளத்தை அவர் உவமையாக எடுத்தார். குளத்துக்கு வாயிலும் அறிவிப்புப் பலகையும் காவலரும் ஆழமற்ற பகுதியும் உண்டு. ஆயினும் நாம் பிள்ளைக்கு நீந்தவும் கற்பிக்கின்றோம் என்பதே அவர் கருத்து. வேலி வேண்டாமென அவர் சொல்லவில்லை. வேலி மட்டும் போதாது என்றார்.

இங்கிலாந்தின் பாடசாலைப் பரிசோதனைத் திணைக்களம் 35 பாடசாலைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட அறிக்கையும் இதனை உறுதிப்படுத்தியது. எல்லாவற்றையும் பூட்டிவைத்த பாடசாலைகளில் மாணவர் பாடசாலை நேரத்திற் காப்பாக இருந்தனர். ஆனால், வெளியே சென்றபின் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் அவர்களுக்கு அத்துணை வாய்க்கவில்லை. வயதுக்கேற்பத் தடையைத் தளர்த்தி, காரணங்கூறி, பொறுப்பைப் படிப்படியாக ஒப்படைத்த பாடசாலைகளே மேம்பட்டு விளங்கின. அமெரிக்காவும் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால், வடிகட்டியோடு நல்லொழுக்கப் பாடமும் நடத்தவேண்டுமென உதவிபெறும் பாடசாலைகளைப் பணித்தது. 2014ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் பாடத்திட்டத்திலேயே இக்கல்வி இடம்பெற்றது. சொந்த விவரங்களை மறைவாக வைத்திருத்தல், மனத்தை வருத்துவது ஏதேனும் நேரின் எங்கே சென்று உதவி கேட்பது என்றறிதல் ஆகிய இரண்டும் அதிற் சிறப்பாகக் குறிக்கப்பட்டன.

இவ்விரண்டனுள் பின்னதே பெரிது. கடவுச்சொல்லின் நீளத்தை ஒரு நாளிற் கற்பிக்கலாம். அனுப்பிய படத்தை மீட்டெடுத்தல் அரிது என்பதையும் ஒரு பாடத்தில் விளக்கலாம். துன்பம் நேர்ந்தபோது பெரியோரிடம் வந்து சொல்லும் துணிவோ நாள்தோறும் வளர்க்கப்பட வேண்டியது. சொன்னால் அடி விழும், தொலைபேசி பறிக்கப்படும் என்று அஞ்சும் பிள்ளை வாய்திறவாது. அந்த மௌனமே வஞ்சகனுக்குத் துணை; மிரட்டுபவன் முதலிற் கேட்பதும், எவருக்கும் சொல்லாதே என்பதையே.

இலங்கையிலும் கணினி அவசர உதவிக்கான தேசிய நிலையம் 2006இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007இலும் தோன்றின. எனினும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதே இவ்வினா இல்லந்தோறும் எழுந்தது. நேற்றுவரை தொலைபேசியைத் தொடாதே என்ற பெற்றோர், பாடத்திற்காக அதனைத் தாமே பிள்ளையின் கையிற் கொடுத்தனர்.

உலகம் மீண்டும் வேலியை நோக்கியும் திரும்பியிருக்கின்றது. ஐக்கிய இராச்சியம் 2023இல் நிறுவனங்கள்மீது கடமை சுமத்தும் சட்டத்தை இயற்றியது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூகவலைத் தளங்களிற் கணக்கு வைத்திருப்பதை 2025ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் முதல் தடுத்தது. பொருளீட்டும் நிறுவனங்களும் பொறுப்பேற்றல் முறையே. ஆயினும் 16 வயது நிறைந்த மறுநாள் அப்பிள்ளை அதே குளத்தில் இறங்கும். அதற்குள் நீந்தக் கற்றுக்கொடுக்கும் கடமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியது. கணினி நுட்பத்தில் மாணாக்கன் ஆசிரியரை விஞ்சியிருக்கலாம். அதனால் ஆசிரியர் நாணவேண்டியதில்லை. நம்பத்தக்கவர் யார், சொல்லத்தக்கது எது, பிறர் மனத்தைப் புண்படுத்துவது எது என்பவற்றை அறியும் கல்வி பழைமையானது. அதனை அவர் நன்கு அறிவார். பிள்ளை அஞ்சாது வந்து சொல்லக்கூடிய ஒருவர் வீட்டிலும் பாடசாலையிலும் இருப்பாராயின், காப்பின் பெரும்பகுதி அங்கேயே அமைந்துவிடும்.