எதிரயனிப் பலபடியாக்கலின் வரலாறு

எதிரயனிப் பலபடியாக்கல் என்பது, நுனியில் எதிர்மின்சுமை தாங்கிய சங்கிலியுடன் சிறு மூலக்கூறுகள் (ஒற்றைப்படிகள்) ஒவ்வொன்றாக இணைந்து, நீண்ட பலபடியை, அதாவது பாலிமரை, உருவாக்கும் வேதிவினை ஆகும். செயற்கை ரப்பர் முதல் உடனடிப் பசை வரை பல பொருள்கள் இவ்வினையால் உருவாகின்றன. இதன் வரலாற்றில் ஈரத்துக்குத் தனி இடம் உண்டு.

தொடக்கம்

1930களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில், செர்கேய் லெபெதெவ் வகுத்த முறைப்படி எத்தனாலிலிருந்து பியூட்டாடையீன் தயாரித்து, அதைச் சோடியத்தால் பலபடியாக்கி ரப்பர் செய்தனர். ஜெர்மனியில் வழங்கிய 'பூனா' ரப்பரின் பெயரும் பியூட்டாடையீன், நாட்ரியம் (சோடியம்) ஆகிய சொற்களின் முதல் அசைகளால் ஆனது. எனினும் சங்கிலியின் நீளத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த அப்போது வழியில்லை.

உயிருள்ள பலபடி

போலந்தில் பிறந்த மைக்கேல் ஷ்வார்ட்ஸ், அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் 1956இல் இதற்கு விடை கண்டார். ஈரமும் காற்றும் அற்ற கலத்தில், சோடியமும் நாப்தலீனும் சேர்ந்த பச்சைக் கரைசலில் ஸ்டைரீனைச் சேர்த்ததும் அது சிவப்பானது. ஸ்டைரீன் முழுவதும் தீர்ந்த பின்னும் சிவப்பு மறையவில்லை. மேலும் ஸ்டைரீன் சேர்த்தபோது அதே சங்கிலிகள் மீண்டும் வளர்ந்தன. நிறுத்தும் பொருள் இல்லாததால் வினை முடியாமல் காத்திருந்தது. எனவே அவர் இவற்றை 'உயிருள்ள பலபடிகள்' என்றார். ஒரு துளி நீர் போதும். எதிரயனி புரோட்டானைப் பெற்றுச் செயலிழந்துவிடும்.

இம்முறையில் தொடங்கிக்கும் ஒற்றைப்படிக்கும் உள்ள விகிதமே சங்கிலியின் சராசரி நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று தீர்ந்ததும் வேறொரு ஒற்றைப்படியைச் சேர்த்துத் தொகுதிப் பலபடிகளையும் செய்யலாம். காலணி அடிப்பாகத்திலும் சாலைத் தாரிலும் சேரும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் ரப்பர் அத்தகையது.

இந்தியப் பங்களிப்பு

மெத்தில் மெத்தக்ரிலேட்டில் ஈரத்தை விலக்கினாலும் சிக்கல் தீராது. எதிரயனி தன் சங்கிலியிலுள்ள எஸ்டர் தொகுதியையே தாக்கும். ஈரம் வெளிப்பகை என்றால் இது உட்பகை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற எஸ். சிவராம், புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் து. பாஸ்கரனுடன் இச்சிக்கலை ஆராய்ந்தார். லித்தியம் பெர்குளோரேட் என்ற எளிய உப்பைச் சேர்த்தால், தாழ்ந்த வெப்பநிலையில் சங்கிலிகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் வளர்வதை 1997இல் வெளியிட்டனர்.

ஈரமே தொடங்கியாகும் பசை

1942இல் ஹாரி கூவர் குழு கண்டறிந்து, 1958இல் விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட் பசையில் கதை தலைகீழானது. இதன் ஒற்றைப்படி எதிர்மின்சுமையை எளிதில் தாங்குவதால், நீர் போன்ற வலிமை குறைந்த பொருளே வினையைத் தொடங்கிவிடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்திலோ எதிர்க்கரைத் திருச்சிராப்பள்ளியிலோ, உடைந்த பொம்மையை ஒட்டுபவருக்குக் காற்றிலும் பொருளின் பரப்பிலும் உள்ள ஈரமே தொடங்கியாகிறது. மூடாமல் வைத்த பசைக்குழாய் கெட்டியாவதும் இதனால்தான். ஷ்வார்ட்ஸின் கலத்தில் வினையை முடித்துவைக்கும் நீர், இங்கே அதைத் தொடங்கி வைக்கிறது.