கண் செல்லும் வழியும் கருத்துச் செல்லும் வழியும்

'பராக்கு' என்னும் சொல்லை நேயர்கள் அனைவரும் அறிவர். அரசவையில் கட்டியங்காரன் 'பராக்கு, பராக்கு' என்று கூவினால், 'கவனியுங்கள்' என்பது பொருள். தெருவில் நின்று பராக்குப் பார்க்கும் சிறுவனைத் தாய் கடிந்துகொள்ளும்போதோ, அதே சொல் கவனமின்மையைக் குறிக்கின்றது. முரண்பட்ட இரு பொருள்களை ஒரு சொல் எவ்வாறு தாங்கிற்று என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். அச்சிறுவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை; பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றான். ஆயினும் தாய் சுட்டிய பொருளை அவன் காணவில்லை. பார்ப்பதற்கும் காண்பதற்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியை அளந்தறிய விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வருகின்றனர். பொருள் நம் கருத்தை ஈர்க்கின்றதா, அன்றி நம் கருத்தே பொருளைத் தேடிச் செல்கின்றதா என்பது அவர்களுடைய நீண்ட வழக்கு. அவ்வழக்கின் வரலாற்றையே இங்கு நாம் சொல்லப் புகுகின்றோம்.

வழக்கைப் பரிசோதனைச் சாலைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மருத்துவம் பயின்று பௌதிகத்தில் பெரும்புகழ் எய்தியவர். கண்ணின் உட்புறத்தைக் காண உதவும் கருவியை 1851-இல் அமைத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் செய்த ஒரு பரிசோதனை மிக எளியது. இருள் நிறைந்த பெட்டி ஒன்று. அதனுள் எழுத்துகள் அச்சிட்ட தாள். தாளின் நடுவே ஊசித்துளை ஒன்றிலிருந்து சிறிதளவு ஒளி தோன்றும். அப்புள்ளியின்மேல் பார்வையை நிலைநிறுத்திக்கொண்டு அவர் காத்திருப்பார். திடீரென மின்பொறி ஒன்று பளிச்சிடும். அவ்வொளி கண்விழி அசைவதற்குள் மறைந்துவிடும். அந்த ஒரு கணத்தில் தாளிலுள்ள எழுத்துகள் யாவும் விழித்திரையில் பதிந்தே தீரும். ஆயினும், எந்தப் பகுதியை நோக்குவது என்று அவர் முன்னரே மனத்துள் முடிவு செய்திருந்தாரோ, அப்பகுதி எழுத்துகளையே அவரால் படித்துச் சொல்ல முடிந்தது. விழி புள்ளியைவிட்டு நகரவில்லை. கருத்து மட்டும் நகர்ந்தது.

இது சிறு செய்தியன்று. கண்ணின் தசைகளைச் சாராமலே கருத்து ஓரிடத்துக்குச் செல்லவல்லது என்பது இதனால் உறுதிப்பட்டது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியற் பெருநூலில் கவனத்தை இருவகையாகப் பகுத்தார். இடியோசையைப்போல் நம்மை வலிந்து இழுப்பது ஒன்று. நாமே முயன்று செலுத்துவது மற்றொன்று. அதன்பின், புறத்தே தோன்றும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்ற கொள்கை அமெரிக்காவில் ஓங்கவே, மனத்தின் உட்செயலைப் பற்றிய இத்தகைய பேச்சுக்குப் பல்லாண்டுக் காலம் மதிப்பில்லாது போயிற்று.

மீட்சி செவிப்புலன் வழியாக வந்தது. வானொலி நேயர்களுக்கு இது மகிழ்ச்சி தரக்கூடும். காலின் செர்ரி என்பவர், இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு கேட்டார். முடிவுகளை 1953-இல் வெளியிட்டார். மற்றக் காதில் ஒலித்த பேச்சு ஆங்கிலத்தினின்று ஜெர்மானிய மொழிக்கு மாறியதையும் கேட்டவர்கள் அறியவில்லை. ஆண்குரல் பெண்குரலாக மாறியதையோ அறிந்தனர். ஐந்தாண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் டொனால்ட் பிராட்பென்ட், மூளையில் ஒரு வடிகட்டி இருத்தல் வேண்டும் என்று எழுதினார். மூளையைச் செய்திகளைக் கையாளும் பொறியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அதே காலத்தில் மாஸ்கோவில் ஆல்பிரெட் யார்பஸ் கண்ணின் நடையையே வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். சிறு கண்ணாடி பொருத்திய உறிஞ்சு குமிழ் ஒன்றை விழியின்மீது ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு விழியின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்தார். விழிக்கு அது இன்பமாக இருந்திராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நாடு கடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராத வகையில் வீடு திரும்பும் காட்சியை ரெபின் தீட்டிய ஓவியம் ஒன்றுண்டு. அதனை ஒரே மனிதருக்குப் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு வினா விடுத்தார் யார்பஸ். அவர்களுடைய வயது என்ன என்று கேட்டபோது விழி முகங்களையே சுற்றிவந்தது. உடையை நினைவிற் கொள்ளுமாறு பணித்தபோது உடல்களின்மேல் இறங்கியது. ஓவியம் ஒன்றே, விழிசென்ற வழிகள் பல. 1965-இல் ரஷ்ய மொழியிலும், 1967-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவரது நூல், கருத்தே கண்ணை நடத்துகின்றது என்பார்க்கு வலிய சான்றாயிற்று.

எதிர்த்தரப்பிலும் சான்றுகள் திரண்டன. டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1959 முதல் பூனையின் மூளையை ஆராய்ந்து, குறித்ததொரு சாய்வுடைய கோட்டுக்கு மட்டும் துடித்தெழும் நரம்பணுக்கள் உண்டு எனக் கண்டனர். அதற்கென 1981-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஆன் டிரீஸ்மன் என்னும் அம்மையார் 1980-இல் கெலேடுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பச்சைக் குறிகளுக்கிடையே ஒரு சிவப்புக் குறி இருப்பின், எத்தனை குறிகள் சூழ்ந்திருந்தாலும் அது உடனே தோன்றிவிடும் என்று காட்டினார். நிறமும் வடிவமும் சேர்ந்தே அடையாளமாகும்போதோ, குறிகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தேடும் நேரமும் கூடிற்று. இவற்றை அடித்தளமாகக் கொண்டு 1985-இல் கிறிஸ்டாஃப் காக், ஷிமோன் உல்மன் என்போர் ஒரு கருத்தை முன்வைத்தனர். எவ்விடம் எடுப்பாகத் தெரிகின்றது என்பதை மட்டும் குறித்துக்காட்டும் ஒரு படம் மூளையில் இருக்கலாம் என்பதே அது. நாம் அதனை 'எடுப்புப் படம்' என்போம்.

லாரன்ட் இட்டி, காக், எர்ன்ஸ்ட் நீபர் ஆகிய மூவரும் 1998-இல் அதனைக் கணிப்பொறியில் இயங்கும் மாதிரியாக்கினர். கணிப்பொறி முதலில் ஒரு காட்சியை ஒன்பது அளவுகளில் அமைத்துக்கொள்ளும். ஒளிச்செறிவு, நிறம், கோடுகளின் சாய்வு ஆகியவற்றில் ஓரிடம் தன் சூழலினின்று எவ்வளவு மாறுபடுகின்றது என்று கணக்கிடும். ஒளிச்செறிவுக்கு 6, நிறத்துக்கு 12, சாய்வுக்கு 24 என 42 படங்கள் உருவாகும். இவை யாவும் இறுதியில் ஒன்றாகிவிடும். அவ்வொரு படத்தில் உச்சமதிப்புப் பெற்ற இடத்துக்குக் கவனம் செல்லும். சென்றவுடன் அவ்விடம் சிறிது நேரம் அடக்கப்படும். அடுத்த உச்சத்துக்குக் கவனம் நகரும். ஜேம்ஸ் கூறிய முதல்வகைக் கவனத்தின் ஒரு பகுதி கணக்கில் அடங்கியது எனலாம். மூளையை உருவகங்களால் விளக்கி வந்த துறையில், பிழையிருந்தால் பிழையென்று மெய்ப்பிக்கக் கூடிய வடிவம் பிறந்தது. இதனையே இம்மாதிரியின் தலையாய சிறப்பென நாம் மதிக்கின்றோம்.

பிழையும் விரைவில் வெளிப்பட்டது. மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கடைத்தெருவிலோ, வேற்றெழுத்துப் பலகைகள் நிறைந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பலகை இருப்பதாகக் கொள்வோம். நிறத்திலும் ஒளியிலும் அது பிற பலகைகளை ஒத்ததே. எடுப்புப் படம் அதற்குத் தனிமதிப்பு எதுவும் தராது. நம் கண்ணோ நேரே அங்கே போய் நிற்கும். ஊரைவிட்டு வந்தவர்க்கு இதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டுவதில்லை. எனினும் விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் மைக்கேல் லாண்டும் அவருடைய துணைவர்களும் தேநீர் போடுவோரின் விழியசைவை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர். விழி ஏறத்தாழ எப்போதும் அடுத்துத் தேவைப்படும் பொருளிலேயே சென்று தங்கியது. கைக்குச் சற்றேறக்குறைய அரை நொடி முன்னதாகச் சென்றது. சமையலறையில் எடுப்பாக இருந்த பிற பொருள்களை அது பொருட்படுத்தவில்லை.

அதே ஆண்டில் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் வெளியிட்ட பரிசோதனையை நேயர்களுள் பலர் கேள்விப்பட்டிருத்தல் கூடும். வெள்ளைச்சட்டை அணியினர் பந்தை எத்தனை முறை கைமாற்றினர் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், கொரில்லா வேடமணிந்த ஒருவர் நடுவே வந்து மார்பில் அறைந்துவிட்டுச் சென்றதைக் காணவில்லை. கருப்புச்சட்டை அணியை எண்ணியவர்களில் அதிகம் பேர் அதனைக் கண்டனர், கொரில்லாவும் கருப்பன்றோ!

இது விளையாட்டு என்று ஒதுக்குதற்கில்லை. 2013-இல் டிரூ, வோ, உல்ஃப் ஆகிய மூவர், நுரையீரலின் ஊடுகதிர்ப் படங்களில் நோய்க்கட்டிகளைத் தேடுவதில் பயிற்சி மிக்க 24 மருத்துவர்களிடம் சில படங்களைத் தந்தனர். இறுதிப் படத்தொகுதியில் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் பதித்திருந்தனர். அது சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. மருத்துவர்களில் 20 பேர் அதனைக் காணவில்லை. அவர்கள் விழி சென்ற வழியும் பதிவாகியிருந்தது. அதனை எடுத்துப் பார்த்தபோது, காணாத அவ்விருபதின்மரில் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தையே நேராக நோக்கியிருந்தனர் என்பது தெரியவந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெட்டியில் கண் செல்லாத இடத்துக்குக் கருத்துச் சென்றது. இங்கே கண் சென்ற இடத்துக்குக் கருத்துச் செல்லவில்லை.